ஒரே மணப்பெண்ணுக்கு இரண்டு ஓலை

என் தலையில் குட்டிக் குட்டியே என்னைப் பெரியவளாக்கிய ஸ்டெல்லாக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத் தொடங்கத்தான் கை வருகிறது. நீ பதில் சொல்லமாட்டாய் என்பதால் எங்கள் பக்கத்துச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை எனக்குக் கல்யாணம்டி. சத்தியமாக. உன் தங்கச்சி மெர்சிக்குத்தான்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே அப்பா பந்தல்காரரோடு மல்லுக்கு நிற்கிறார். ஆயுசு முழுக்க ஷூ கம்பெனி பஸ் ஓட்டியவர் இல்லையா, கல்யாணத்தையும் ஷிப்டு போட்டு நடத்தப் பார்க்கிறார். சமையல்காரருக்கு முதல் ஷிப்டாம், பந்தல்காரருக்கு ஜெனரல் ஷிப்டாம். அம்மா வெங்காயம் உரிக்கிறவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுதால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள் பார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ஷமீம் அக்கா மருதாணி வைக்க வருகிறாள். வைத்துவிட்டால் பேனா பிடிக்க முடியாது. அதற்குள் உன்னிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும்.

மாப்பிள்ளை யார் என்று கேட்பாய். உன் வீட்டுக்காரர் வீடுதான். உன் மாமியார்தான் எனக்கும் மாமியார். நெஞ்சு திக்கென்றதா? பொறு. நீ நினைக்கிற ஆள் இல்லை. நீ நினைக்கிற ஆளாகத்தான் முதலில் இருந்தது. அது எப்படி மாறியது என்பதுதான் கதை.

நீ போனபோது உன் பாப்பா ரோஸி சுவரைப் பிடித்து நடை பழகிக்கொண்டிருந்தாள். இப்போது யு.கே.ஜி. போகிறாள். வாயைத் திறந்தால் மூடமாட்டாள். அது உன் சொத்து, வேறு யாரிடமிருந்து வந்திருக்கும்?

அந்தக் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது நீ என் கையைப் பிடித்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பாப்பாவ பாத்துக்கோடி." அதற்குப் பிறகு நீ பேசவில்லை. அந்த இரண்டு சொல்லைத்தான் நான் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

தினமும் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினால், அப்பா உன் தெரு முனையில் நிறுத்துவார். அங்கே ஸ்டாப்பிங்கே கிடையாது. பஸ்ஸில் இருந்த பெண்கள் யாரும் முணுமுணுத்ததில்லை. "எறங்கு மெர்சி, கொழந்த காத்துக்கினு இருக்கும்" என்பார்கள். அத்தைக்கு, அதான் உன் மாமியாருக்கு, மூட்டு வலி, குழந்தை பின்னால் ஓட முடியாது. நான் போய் ரோஸிக்குச் சோறு ஊட்டி, குளிப்பாட்டி, தூங்க வைத்துவிட்டு வீட்டுக்கு வருவேன்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் ஆரோக்கியம் மாமா நீ போனபின் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவராகிவிட்டார். தோல் பதனிடும் டேனரிக்குப் போவார், வருவார், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு டிவியைப் பார்ப்பார். டிவியில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. உன் செருப்பு வாசலிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகுமுன் தன் ஷூவுக்குப் பாலிஷ் போடுவார். போட்டு முடித்ததும் உன் செருப்பை எடுத்து, துணியால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த மனிதருக்கு என்ன செய்தால் தகும் என்று தோன்றும்.

உன் கொழுந்தன் பீட்டர் வேறு ரகம். எங்கள் கம்பெனியில் அவன்தான் தையல் மெஷின் மெக்கானிக் என்பது உனக்குத் தெரியும். அவனுக்குள் இருக்கிற அம்மா உனக்குத் தெரியாது. ரோஸிக்குச் சடை பின்ன வேண்டும் என்று செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். முதல் சடை ஷூ லேஸ் கட்டியது போல் இருந்தது. கையில் மெஷின் ஆயில் வாசனை போகாது. குழந்தை தலையிலும் அதே வாசனை. "டீச்சர் என்ன மோந்து பாக்கறாங்க சித்தி" என்று ரோஸி புகார் சொன்னாள்.

எல்.கே.ஜி.யில் மாறுவேடப் போட்டி வந்தது. மற்றப் பிள்ளைகள் தேவதை, டாக்டர், ரோஜாப்பூ. நம் வீட்டுப் பிள்ளைக்குப் பஸ்தான் வேண்டுமாம். தாத்தா ஓட்டுகிற பஸ். பீட்டர் கம்பெனியில் கிடந்த காலி ஷூ பெட்டிகளை வாங்கி வந்து, வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்து, முன்னால் 'ஆம்பூர் – வேலூர்' என்று போர்டு வைத்து ரோஸியின் தோளில் மாட்டிவிட்டான். மேடையில் ஏறியதும் பஸ் நின்றுவிட்டது. அசையவில்லை. உதடு பிதுங்கி அழப்போகிற நேரம். கூட்டத்துக்கு நடுவில் பீட்டர் எழுந்து நின்று வாயில் விசிலை வைத்து ஊதினான். "மாதனூர், பள்ளிகொண்டா, வேலூர் ஏறு! படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ!" பஸ் சிரித்தது. புறப்பட்டது. மேடையை மூன்று சுற்றுச் சுற்றியும் இறங்கமாட்டேன் என்றது.

பரிசு ரோஜாப்பூவுக்குப் போனது. நான் கைதட்டிக்கொண்டே பீட்டரைப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைக்க விசில் ஊதிக்கொண்டிருந்தான். அன்றைக்கு என் உள்ளே என்னவோ இடம் மாறி உட்கார்ந்தது. அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

அதற்கப்புறம்தான் உன் நினைவு நாள் பூசை வந்தது. கல்லறையில் உனக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆரோக்கியத்துக்குச் சின்ன வயசுடி. நாளைக்கே யாராவது ஒருத்திய கட்டி வெப்பாங்க. வர்றவ ரோஸிய எப்டி பாத்துப்பான்னு யாருக்குத் தெரியும்? நீ இருக்கும்போது நாம ஏன் வெளிய தேடணும்?"

யாரும் என் கையை முறுக்கவில்லை அக்கா. நீ அம்மாவைத் திட்டாதே. நானே யோசித்தேன். உன் சொல் காதில் இருந்தது. வாசலில் துடைத்து வைத்த செருப்பு கண்ணில் இருந்தது. இரக்கம் எது, ஆசை எது என்று பிரித்துப் பார்க்கிற புத்தி அன்று எனக்கு இல்லை. "சரிம்மா" என்றேன். மாமாவும் சரி என்றுவிட்டதாகச் சொன்னார்கள். பூ வைத்தார்கள்.

மறுநாள் உன் வீட்டுக்குப் போகிறேன். பீட்டர் தின்பண்டப் பொட்டலத்தோடு வாசலில் நிற்கிறான். எப்போதும் "வந்துட்டாய்யா மகாராணி" என்பவன், அன்று ஒதுங்கி வழிவிட்டு, "வாங்க அண்ணி" என்றான்.

தையல் ஊசி விரலில் ஏறினால் அந்த நொடி வலிக்காது. குனிந்து ஊசியைப் பார்த்த பிறகுதான் வலிக்கும். அப்படித்தான் இருந்தது எனக்கு. அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது.

அதற்கடுத்த வாரம் அவன் எத்தியோப்பியாவுக்குப் போகப்போவதாகச் செய்தி. அங்கே ஷூ கம்பெனியில் மெக்கானிக் வேலையாம். நம் ஊர்ப் பையன்கள் நிறையப் பேர் போகிறார்கள்தான். இவன் ஒருநாளும் போகவேண்டும் என்று சொன்னதில்லை. எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. அன்றைக்குப் பார்த்து என் மெஷினில் நூல் அறுந்து அறுந்து வந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். வந்து குனிந்து உட்கார்ந்தான். சுற்றிலும் மெஷின்களின் இரைச்சல். நாங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது.

"எதுக்கு எத்தியோப்பியா?" என்றேன்.

"சம்பளம் ஜாஸ்தி."

"பொய் சொல்லாத பீட்டர்."

அவன் இறுக்கமாகவே இருந்த ஒரு திருகை எடுத்து மறுபடி இறுக்கினான். "நீ அண்ணியா வர்ற வீட்ல நான் இருக்கறது சரியா இருக்காது."

"நான் உன்ன ஒண்ணும் கேக்கலியே."

"நானும் ஒண்ணும் சொல்லலியே."

சூப்பர்வைசர் மேடம் அங்கிருந்து சத்தம் போட்டாள். "இன்னா மெக்கானிக், மெஷின் ரெடியா?"

"ரெடி மேடம். மெஷினுக்கு ஒண்ணும் இல்ல" என்று எழுந்து போய்விட்டான். அன்றைக்கு நான் தைத்த ஷூவெல்லாம் எந்த நாட்டுக்காரர் காலில் இருக்கிறதோ, பாவம். ஒரு தையலும் நேராக வரவில்லை.

இரண்டு பேரையும் நினைத்துப் பார்த்தேன் அக்கா. மாமாவை வேண்டாம் என்றால், ஏற்கெனவே உடைந்தவரை நானும் உடைக்கிறேன். பீட்டரை விட்டால், நாள் முழுக்க அந்த வீட்டில் ஒருவன் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். நடுவில் ரோஸி. நீ இருந்திருந்தால் தலையில் ஒரு குட்டு வைத்து, "உனக்கு இன்னாடி வேணும்? அத முதல்ல சொல்லு" என்று கேட்டிருப்பாய். வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை படித்தார்கள். உனக்கும் படித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? மூன்று ஞாயிறு பூசை முடிவில் பங்குச் சாமியார் மணமகன் பெயரும் மணமகள் பெயரும் வாசித்து, இதற்குத் தடை ஏதேனும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார். உனக்குப் படித்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து உன்னைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன். எனக்குப் படித்தபோது தரையைப் பார்த்தேன். ஆரோக்கியம், மெர்சி என்று பெயர்கள் கோயில் முழுக்கக் கேட்டன. தடை என்னவென்று கோயிலிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரம் புடவை எடுக்க வேலூர் போனோம். அம்மா, மாமா, ரோஸி, நான். அம்மாவும் ரோஸியும் கீழ்த்தளத்தில் கவுன் பார்க்க நின்றுவிட்டார்கள். மேலே கடைப்பெண் ஒவ்வொரு புடவையாக என் தோளில் போட்டுக் காட்டினாள். வெங்காயத் தோல் நிறத்தில் ஒரு பட்டு வந்தது. மாமா அதுவரை எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தவர், சட்டென்று முகம் மலர்ந்து சொன்னார்.

"ஸ்டெல்லாவுக்கு இந்தக் கலர்னா..."

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். கடைப்பெண்ணுக்கு என்ன தெரியும்? "ஆமா சார், ஸ்டெல்லா மேடத்துக்கு ரொம்ப எடுப்பா இருக்கு" என்று என் தோளில் முந்தானையைச் சரி செய்தாள்.

மாமாவின் கண் நிறைந்துவிட்டது. "கொஞ்சம் வெளிய போய்ட்டு வர்லாம்மா" என்றார்.

கோட்டைப் பக்கம் நடந்தோம். அகழி ஓரத்தில் உட்கார்ந்தோம். அவித்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கி என் கையில் கொடுத்தார். நான் ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே இருந்தேன், தின்னவில்லை.

"மன்னிச்சிடு மெர்சி. வாய் தவறிடுச்சு" என்றார்.

"தவறல மாமா. சரியாத்தான் வந்துச்சு."

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கேட்டுவிட்டேன். "மாமா, கோச்சுக்காதீங்க. என்னைக் கட்டிக்க உங்களுக்கு மனசார இஷ்டமா?"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "உனக்கு?" என்றார்.

"நான்தான மொதல்ல கேட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "எங்க கல்யாணத்தன்னைக்கு, கோயில்லேர்ந்து மண்டபத்துக்குப் போற கார்ல, நீ என் கோட்டு மேல வாந்தி எடுத்தியே. ஞாபகம் இருக்கா?"

எனக்கு மறக்குமா? நீ கூட அன்று முழுக்க என்னை முறைத்துக்கொண்டே இருந்தாயே.

"என் கண்ணுக்கு இன்னும் அந்தப் பிள்ளைதான் தெரியுது மெர்சி. நான் இன்னா பண்ணட்டும்? உங்கம்மா கேட்டாங்க. எங்கம்மா அழுதாங்க. நீயும் சரின்னு சொல்லிட்டியாம். நான் வேணாம்னா ஊர்ல உனக்கு அசிங்கமாய்டுமேன்னு பயந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இப்போதும் தெரியவில்லை. "நான் வேணாம்னா உங்களுக்கு அசிங்கமாய்டுமேன்னு நான் பயந்தேன் மாமா" என்றேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முதலில் அவர்தான் சிரித்தார். நீ போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. தோள் குலுங்கச் சிரித்தார். கடலைக்காரர் வண்டியை நிறுத்தி எங்களைப் பார்த்தார். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சிரித்து ஓய்ந்தபின் அண்ணன் மாதிரிக் கேட்டார். "அப்போ உன் மனசுல வேற யாரோ இருக்காங்க. யாருன்னு சொல்லு. நல்ல பையனா இருந்தா நானே போய்ப் பேசறேன்."

"பேச ரொம்ப தூரம் போகவேணாம் மாமா" என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "நம்ம... பீட்டரா?" என்றார். நான் தலையை நிமிர்த்தவில்லை. அவர் எழுந்தார். அகழி ஓரமாக நடந்து போனார்.

அக்கா, அவர் நடந்து போன அந்த நேரம் இருக்கிறதே, அதுதான் இந்தக் கதையிலேயே கஷ்டமான இடம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். தம்பியோடு பேசமாட்டார், என்னை வீட்டுக்குள் விடமாட்டார், ரோஸியைப் பார்க்கவே முடியாது என்றெல்லாம் மனசு எங்கெங்கோ ஓடியது. மடியில் உரித்த கடலை குவிந்து கிடந்தது.

திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது, வாய் சிரித்தது. "அதான் எத்தியோப்பியா எத்தியோப்பியான்னு குதிக்கிறானா அவன்? மடையன்! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாது?" பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, என் மடியில் இருந்த கடலையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு கேட்டார், "எப்போலேர்ந்து?"

"பஸ்ஸு ஓட்டினானே, அன்னைலேர்ந்து."

"அன்னைக்கு அந்த விசில் சத்தத்துல எனக்குக் காதே போச்சு. உனக்கு மனசு போச்சா?" என்றார். இப்படிப் பேசுகிற மனிதரை எங்கே ஒளித்து வைத்திருந்தாய் நீ?

வீட்டுக்கு வந்து சொன்னோம். அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். "ஓலை படிச்சாச்சுடி! அண்ணனுக்குப் படிச்சிட்டுத் தம்பியக் கட்டிக்கினான்னு ஊரு சிரிக்காது? எனக்கு ஒரே பேஜாரா இருக்கு. கோயில்ல எப்டி முகத்தக் காட்டுவேன்?" அதெல்லாம் மேலுக்கு. உள்ளே இருந்த பயம் கடைசியில் வந்தது. "பாப்பாவ பாத்துக்கோன்னு அவ உங்கிட்டதான கேட்டா? போறவ கேட்ட ஒரே வார்த்தடி."

அந்த இடத்தில் மாமாதான் பேசினார். "அத்த, ஸ்டெல்லா பாப்பாவத்தான பாத்துக்கச் சொன்னா? என்னையுமா பாத்துக்கச் சொன்னா?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாமா விடவில்லை.

"ரோஸி இவள இன்னான்னு கூப்டுது? சித்தி. பீட்டர இன்னான்னு கூப்டுது? சித்தப்பா. என் பொண்ணு எப்பவோ ஜோடி சேத்துட்டா அத்த. நமக்குத்தான் லேட்டாப் புரியுது. இவ எங்க வீட்டுக்குத்தான வர்றா? ரோஸி பக்கத்துலதான இருக்கப் போறா?"

உறவுமுறை சொல்லிப் பேசினால் அம்மா எதிர்த்துப் பேசமாட்டாள் என்பது உனக்குத் தெரியாததா? சித்தி, சித்தப்பா என்று இரண்டு தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அப்பா அதுவரை மூலையில் நகம் வெட்டிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து, "ரூட்டு மாறலியே. நான் பஸ்ஸ அதே தெரு முனையிலதான நிறுத்தணும்?" என்றார். அம்மா அவர் மேல் முறத்தை எறிந்தாள். எறிந்தால் சம்மதம் என்று அர்த்தம்.

பாக்கி இருந்தது பீட்டர்தான். அவன் ஒப்புக்கொள்ளவே இல்லை. சாயங்காலம் உன் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் நிற்கிறோம். அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "வேணாம்ண்ணா. ஓலையில உன் பேரு படிச்சாச்சு. உன்ன நாலு பேர் பாவமாப் பாக்க நான் காரணமாக மாட்டேன். நான் கெளம்பறேன், எல்லாம் தானா சரியாய்டும்" என்கிறான்.

மாமா கத்தி நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன். "நீ எத்தியோப்பியா போய்ட்டா என் பொண்ணுக்கு யாருடா சட பின்னுவா?"

பீட்டரின் முகம் கோணியது. அவன் அழுது நான் பார்த்ததும் அன்றுதான். அண்ணன் காலடியில் உட்கார்ந்துவிட்டான். மாமா அவன் தலையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தார், அடிக்கிறாரா தடவுகிறாரா என்று தெரியவில்லை.

எல்லாரும் எனக்காகப் பேசியாகிவிட்டது. நான் இன்னும் பேசவில்லை. அத்தை, அம்மா, அப்பா எல்லார் முன்னாலும் கேட்டேன். "பீட்டர், உன்னக் கட்டிக்க எனக்கு இஷ்டம். உனக்கு இஷ்டமா? அண்ணனுக்காக, ரோஸிக்காக எல்லாம் சொல்லாத. உனக்குன்னு சொல்லு."

ஊரையே பேச்சால் சிரிக்க வைக்கிறவனுக்கு வியர்த்துக் கொட்டியது. கடைசியில், "இஷ்டம் மெர்சி" என்றான். அண்ணி போய், என் பெயர் திரும்பி வந்திருந்தது. அத்தை மூட்டு வலியை மறந்து எழுந்து வந்து எனக்கு நெற்றியில் சிலுவை போட்டாள்.

சாமியாரிடம் போனோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, "யாருக்கு யாரு? இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். சொன்னோம். கோபப்படுவார் என்று அம்மா நடுங்கிக்கொண்டிருந்தாள். அவரோ, "ஓலை படிக்கிறதே இதுக்குத்தாம்மா. கல்யாணத்துக்கு அப்புறம் வந்திருந்தா நான் இன்னா பண்ண முடியும்?" என்று சிரித்தார்.

அடுத்த ஞாயிறு கோயிலில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். போன வாரம் படித்த ஓலை நின்றுபோனது என்று சாமியார் அறிவித்ததுமே பெஞ்சுக்குப் பெஞ்சு கிசுகிசு. அடுத்து, "மணமகள் மெர்சி" என்றார். எல்லாத் தலையும் திரும்பியது. "மணமகன் பீட்டர்." கோயிலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. "தகப்பனார் பெயர்... அதேதான். தாயார் பெயர்... அதேதான். வீட்டு விலாசமும்..." என்று நிறுத்தினார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள்..." என்று தொடங்கினார்.

ஆண்கள் பக்கத்தில் மாமா எழுந்து நின்றார்.

அம்மா என் முழங்கையை நசுக்கிவிட்டாள். பீட்டர் வெளுத்துப்போனான். சாமியாரும் ஓலையைக் கீழே இறக்கினார்.

"தடை ஒண்ணும் இல்ல சாமி" என்றார் மாமா, எல்லாருக்கும் கேட்கும்படி. "அத நான் எழுந்து சொன்னாத்தான் ஊருக்குத் திருப்தியா இருக்கும். அதான் எழுந்தேன்."

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லாரும். கோயிலில் கைதட்டலாமா என்று யோசிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. நாலு விதமாகப் பேசக் காத்திருந்த வாய்களெல்லாம் சிரித்துவிட்டன. சிரித்த வாயால் அப்புறம் எப்படிப் புறம் பேசுவது? நான் உன்னை நினைத்தேன் அக்கா. உன் வீட்டுக்காரரைப் பார்த்து நீ எவ்வளவு பெருமைப்பட்டிருப்பாய் என்று நினைத்தேன்.

இப்போது மாமா பேசுகிறார். கொஞ்சம் ஜாஸ்தியாகவே பேசுகிறார். மண்டபம், சாப்பாடு, மாலை எல்லாம் அவர் கையில்தான். தம்பிக்குக் கோட்டு தைக்கக் கொடுத்தபோது டெய்லரிடம், "கறை புடிக்காத துணியாப் பாருங்க, பொண்ணு கார்ல வாந்தி எடுக்கும்" என்றாராம். உன் செருப்பு இன்னும் வாசலில்தான் இருக்கிறது. யாரும் எடுக்கச் சொல்லவில்லை. எடுக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றும்போது எடுக்கட்டும்.

அவர் இப்படியே இருந்துவிடுவாரா? இல்லை, என்றாவது ஒருத்தி அவர் வாழ்க்கைக்குள் வருவாளா? எனக்குத் தெரியாது. வந்தால் நான் சிரித்த முகத்தோடு கதவைத் திறக்க வேண்டும் என்று இப்போதே மனதைத் தயார் செய்கிறேன். நீயும் அப்படித்தான் செய்யச் சொல்வாய், இல்லையா? சொல்லமாட்டாயா?

நேற்று ரோஸி கேட்டாள். "சித்தி, நீ இனிமே எங்க வீட்லயே தூங்குவியா?" ஆமாம் என்றேன். "அப்போ மறக்காம பிரஷ் எடுத்துக்கினு வா. என்னோடத தரமாட்டேன்." இவ்வளவுதான் அவளுடைய நிபந்தனை. நான் ஊருக்கெல்லாம் பயந்து நடுங்கியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். போன மாதம் பள்ளிக்கூடத்தில் புது டீச்சர் என்னைக் காட்டி, "அம்மா வந்திருக்காங்களா ரோஸி?" என்று கேட்டாள். ரோஸி என்னை அண்ணாந்து பார்த்தாள், என்ன பதில் சொல்வது என்று கேட்கிற மாதிரி. அந்தச் சொல் எவ்வளவு இனிப்பு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் குனிந்து அவளிடம் சொன்னேன், "நான் சித்தி. அம்மா பேரு ஸ்டெல்லான்னு டீச்சருக்குச் சொல்லு." சத்தமாகச் சொன்னாள். உன் பெயர் வராந்தா முழுக்கக் கேட்டது.

அதுதான் உனக்கு என் சத்தியம். அவளுக்குச் சோறு ஊட்டுவேன், படிக்க வைப்பேன், தப்புச் செய்தால் உன் மாதிரியே தலையில் குட்டுவேன். அம்மா என்ற சொல்லை மட்டும் தொடமாட்டேன், அது உனக்கு. உன்னை மாலை போட்ட படமாக அவளுக்குக் காட்டமாட்டேன். நீ சோறு வடிக்கத் தெரியாமல் கஞ்சியாக்கியதையும், மாமா பெண் பார்க்க வந்த அன்று கதவு இடுக்கில் எட்டிப் பார்த்து மாட்டிக்கொண்டதையும், சண்டை போட்டால் யார் பேச்சையும் கேட்காமல் ஜெயித்துவிட்டே வருவதையும் சொல்லிச் சொல்லி, உன்னை நேரில் பார்த்துப் பழகியவள் மாதிரி அவளை வளர்ப்பேன். ஒருநாள் அவள் உன் மேல் கோபப்பட வேண்டும். அந்த அளவுக்கு நீ அவளுக்குத் தெரிந்தவளாக வேண்டும்.

ஷமீம் அக்கா மாடிப்படி ஏறி வருகிறாள். நாளைக்குப் பார்க்கலாம்டி.

இதுவரை உனக்குத் தங்கச்சியாக மட்டும் இருந்து,
நாளைக் காலை முதல் உனக்கு ஓரகத்தியும் ஆகப்போகிற
மெர்சி